ஏன் என்று கேட்பது அடுத்த ஆண்டு

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கியது, நான் பேசமாட்டேன் என்பதற்காகத்தான். எனக்கு முன்னால் இருந்தவள் கழிப்பறைக் கதவைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவு வரவில்லை, அவளுடைய காலம் முடிந்துவிட்டது. புதிதாக ஆள் எடுக்கும் நாளில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த தாய்மார்களைத் தலைமை ஆசிரியர் கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் வந்து நின்றார்.

“இவங்க இருக்கட்டுங்க. பத்தாவது படிச்சவங்க. அமைதியானவங்க” என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே, அதனால் நான் தலைவி ஆகிவிட்டேன்.

நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு மலையில் கரடியூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நடுவில் மிளகும் ஆரஞ்சும். காப்பிச் செடிக்கு மனுஷர் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துப்போயிற்று.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் நடப்பதற்கு முன்பே கூட்டத்தின் தீர்மானத்தை எழுதி முடித்துவிடுவார்கள். மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, பறிப்புக் காலத்தில் யாரும் வரமாட்டார்கள், அதனால் இப்படி என்று காரணம் சொல்வார்கள். சத்துணவு ஆயாம்மா தீர்மானம் எழுதிய நீள நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவார். நின்ற இடத்தில் நின்றபடி கையெழுத்து. “ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று மேலே இருக்கும். அந்த ஒரு மனம் யாருடையது என்று நான் யோசித்ததே இல்லை.

நவம்பர் மாதம் ஒரு பகல். முதல் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆயாம்மா வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

“ஏனுங்க அக்கா, செத்த வாங்க. கையெழுத்து ஒண்ணு.”

“என்னங்க எழுதியிருக்குது?”

“இங்கிலீசு கொண்டு வர்றாங்களாமா. ஆறாவதுக்கு அறிவியல் பூராவும் இங்கிலீசுலயே நடத்துவாங்களாமா. நல்லதுதானுங்க? போடுங்க, எனக்கு இன்னும் மூணு ஊடு போகோணும்.”

என் மகள் ஆறாம் வகுப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். பூச்சிமருந்து டப்பாவில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒண்டிக்கடை பஜார் வரைக்கும் போய் மருந்துக் கடைப் பையனிடம் காட்டி, அவன் என்னை ஏற இறங்கப் பார்த்ததை நான் மறக்கவில்லை. என் மகள் அந்தப் பார்வையை வாங்கக் கூடாது என்று நினைத்தேன். கை கழுவக்கூடப் போகாமல் கையெழுத்துப் போட்டேன். காப்பிப் பழத்தின் பிசின் கட்டைவிரலில் இருந்தது. நோட்டில் ஒரு கறை விழுந்தது. “அடடா, கறை படுதுங்க” என்று ஆயாம்மா முந்தானையால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பெரிதாயிற்று.

அந்தக் கறையை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டவளின் அடையாளம் அது.

டிசம்பர் தொடக்கத்தில் ஆறாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். நகரத்திலிருந்து வந்த ஓர் அமைப்புதான் திட்டத்தைப் போட்டது. தேர்வுத் தாளும் அவர்களுடையதே. ஆங்கிலத்தில் அறிவியல் படிக்க யார் தயார், யார் தயாரில்லை என்று பார்ப்பதற்காம். பத்துக் கேள்வி. ஐந்து சரியாக இருந்தால் தயார். என் மகள் நான்கு வாங்கினாள்.

தயாரில்லாதவர்கள் ஏழு பேர். அவர்களுக்கு ‘ஆயத்தக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் பாடவேளை வந்ததும் அந்த ஏழு பேரும் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஆசிரியர் கிடையாது. ஜன்னல் திண்டின் மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர். அது “திஸ் ஈஸ் எ பென்” என்னும். ஏழு பேரும் “திஸ் ஈஸ் எ பென்” என்பார்கள். ஆங்கிலம் தேறிய பிறகு அறிவியலுக்குத் திரும்பி உள்ளே போகலாம். எப்போது தேறும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடமே அவர்களை ‘வராந்தாக் குழு’ என்று கூப்பிட ஆரம்பித்தது.

மகள் இரண்டு நாள் என்னிடம் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் சோற்றை அளைந்துகொண்டே சொன்னாள்.

“இன்னிக்கு உள்ள பல்பு எரிய வெச்சாங்கம்மா.”

“எந்தப் பல்பு கண்ணு?”

“பேட்டரி, ஒயரு எல்லாம் வெச்சு. அறிவியல்ல. எல்லாரும் ‘ஓ’ன்னு கத்துனாங்க.”

“நீ பாக்கலையா?”

“நாங்கதான் வராந்தால இருக்கோமே. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பெரிய சாரு சொல்லிட்டாரு. பாத்தா கவனம் சிதறுமாம்.”

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் எடுப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் முதலில் காதுதான் சுடும். அன்றைக்குச் சுட்டது. நான் போட்ட கையெழுத்துதான் என் பிள்ளையின் தலையைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வாரமே விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. கீழே ‘பெற்றோர் கையெழுத்து’ என்று ஒரு கோடு. இந்த முறை படித்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

ஆறாவது கேள்வியில் ஒரு வாளித் தண்ணீர் படம். பக்கத்தில் கல், இலை, ஆணி, பழம். எது மிதக்கும், எது மூழ்கும் என்று குறிக்க வேண்டும். நான்கும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். மகள் கல்லையும் இலையையும் ஆணியையும் சரியாகக் குறித்திருந்தாள். பழத்துக்கு இரண்டு கட்டத்திலும் குறி போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: ‘நல்ல பழம் மூழ்கும். பூச்சி குடைந்தது மிதக்கும்.’ அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

படத்தை நன்றாகப் பார்த்தேன். நகல் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன ஓர் உருண்டை. மேலே ஒரு குட்டிக் காம்பு. “இது என்ன பழம் சாமி?” என்று கேட்டேன்.

“காப்பிப் பழம்தானே” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

எனக்கும் அது காப்பிப் பழமாகத்தான் தெரிந்தது. இந்த மலையில் பழம் என்றால் அதுதான். பழத்தைத் தண்ணீரில் போடுவதும் எங்கள் வீட்டில் படக் கேள்வி அல்ல. பறித்து வந்த அன்றே தொட்டித் தண்ணீரில் கொட்டுவோம். கனமான பழம் அடியில் போய் உட்காரும். பூச்சி குடைந்ததும் உள்ளே பருப்பு இல்லாததும் மேலே வரும். மேலே வந்ததை அரித்து எடுத்துத் தனியே காயப்போடுவோம். என் மகள் ஐந்து வயதிலிருந்து அந்த அரிப்புக் கூடையைப் பிடிக்கிறாள். ‘நேத்து மழை பேஞ்சதுல இன்னிக்கு நொம்ப மிதக்குதும்மா’ என்று அவளாகவே சொல்லுவாள். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொன்னால், ‘அப்ப ஏன்?’ என்று பிடித்துக்கொள்வாள். அவளைத்தான் அறிவியலுக்குத் தயாரில்லை என்று வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஒண்டிக்கடையில் அறிவியல் டீச்சரைப் பார்த்தேன். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நல்ல மனுஷி. பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி நின்று, போவதா வேண்டாமா என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவரே கூப்பிட்டார்.

“என்னங்க தலைவியம்மா, கூட்டத்துக்கு வராம பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கீங்க?”

தாளை நீட்டினேன். ஆறாவது கேள்வியில் விரலை வைத்தேன். அவர் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“நானாத் திருத்தலீங்க. அவங்க ஒரு விடைக்குறிப்பு குடுத்தாங்க, அதப் பார்த்துக் குறி போட்டதுதான். அதுல ஆப்பிள்னு இருந்துச்சு. ஆப்பிள் மிதக்குமாம்.”

“இது ஆப்பிளுங்களா?”

“ஆப்பிள்தானாம்.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது; உடனே அடக்கிக்கொண்டார். “தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாருமே இதுல தப்புங்க. பஜார்ப் பக்கத்துப் பிள்ளைங்க மட்டும் சரியாப் போட்டுச்சுங்க.”

பஸ் வரத் தாமதமாயிற்று. டீச்சர் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தார். அதுதான் திட்டம். “தலைவிக்கு ஒரு நகல் குடுக்கோணும்னு இதுலயே எழுதியிருக்குது. கேட்டாக் குடுக்கலாம்னு சாரு சொன்னாரு. நீங்க கேக்கவே இல்லையே” என்றார். கேட்காதவள்தானே நான்.

டீக்கடை ஓரமாக நின்று பக்கம் பக்கமாக விளக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி. முதலாவது பாடம். இரண்டாவது அதற்கு வேண்டிய ஆங்கிலம். மூன்றாவது வகுப்பில் செய்ய வேண்டியது. ஆங்கிலப் பத்தியில் எறும்பு மாதிரி நெருக்கமாக எழுத்து நிறைந்திருந்தது. பாடப் பத்தியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அரை வரி. ‘மிதத்தல், மூழ்குதல்.’ அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வெள்ளை.

“பாடம் ஏனுங்க இத்தனை குட்டியா இருக்குது?”

“இங்கிலீசுல பிள்ளைங்களால எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் பாடம் வெச்சிருக்காங்க. சொல்ல முடியாதத எடுத்துட்டாங்க.”

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதைப் படிக்கும்போது டீச்சரின் குரல் தணிந்துவிட்டது. எந்த ஆண்டு எந்த மாதிரிக் கேள்வி கேட்கலாம் என்ற பட்டியல் அது. முதல் ஆண்டு: என்ன, எங்கே, எத்தனை. இரண்டாம் ஆண்டு: எப்படி, ஏன்.

“ஏன்னு கேக்கறது அடுத்த வருசமுங்களா?” என்றேன்.

“ஏன்னு கேட்டாப் பதில் நீளமாச் சொல்லோணும் இல்லீங்களா? அந்த அளவுக்கு இந்த வருசம் இங்கிலீசு வராதாம். அதனால தள்ளி வெச்சிருக்காங்க.”

பஸ் வந்தது. டீச்சர் கத்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். நான் வீடு வரைக்கும் நடந்தேன். வழி நெடுக அந்த ஒரு வரிதான். பதினொரு வயதுப் பிள்ளையிடம், ஏன் என்று கேட்காதே, உனக்கு இன்னும் மொழி வரவில்லை, அடுத்த வருஷம் வா என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அவளுக்கா மொழி வரவில்லை? அவள் வாயில் ஒரு மொழி முழுசாக இருக்கிறது. அதில் நாள் முழுவதும் ஏன் ஏன் என்று என்னைப் பிய்த்தெடுக்கிறாள். அந்த மொழியை வாசலில் செருப்பு மாதிரிக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். சரி, கழற்றி வைத்தவர்களையாவது உள்ளே விட்டார்களா? வராந்தாவில்தானே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆங்கிலம் படிக்கட்டும். கல்லுக்கு என்ன, ஆணிக்கு என்ன, மிதக்கிறதுக்கு என்ன என்று நூறு வார்த்தை படிக்கட்டும். அதற்காகத் தெரிந்ததைத் தெரியாதது ஆக்க வேண்டுமா? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரையாண்டு விடுமுறை வந்து போயிற்று. ஜனவரியில் ஆயாம்மா நோட்டோடு தோட்டத்துக்கு வந்தார். திட்டத்தை ஆண்டு முழுமைக்கும் ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம். “ஒருமனதாக” என்று இருந்தது.

“நான் கூட்டத்துக்கே வர்றேனுங்க” என்றேன்.

ஆயாம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான். “கூட்டத்துக்கா? யாரும் வர மாட்டாங்களே அக்கா! சாருகிட்ட என்னன்னு சொல்றது?”

“தலைவி வருதுன்னு சொல்லுங்க.”

கூட்ட நாள் வந்தது. கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. புறப்படும்போது கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி பழத்தை அள்ளித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். இதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியாது. பேச வராதவளுக்குக் கையில் ஏதாவது இருந்தால் தேவலை போலத் தோன்றியது.

தலைமை ஆசிரியர் அறையில் அவரும், வகுப்பைப் படிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்த அறிவியல் டீச்சரும், அந்த அமைப்பிலிருந்து வந்த ஒரு இளம்பெண்ணும் இருந்தார்கள். திட்டத்தை எழுதியவர் அவர்தானாம். முப்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கெட்டவர் இல்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கெட்டவரிடம் கோபப்படுவது சுலபம்.

நோட்டு மேசையில் திறந்திருந்தது. பேனாவைத் தலைமை ஆசிரியர் மூடி கழற்றி நீட்டினார். வெளியே வராந்தாவில் ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு குரல் பின்னாலேயே சொன்னது. அதில் ஒன்று எனக்குத் தனியாகக் கேட்டது.

நான் பேனாவை வாங்கவில்லை. காது சுட்டது.

“ஏனுங்க… ஏன்னு கேக்கறது எப்பங்க?” என்றேன்.

“என்னது?” என்றார் தலைமை ஆசிரியர்.

என் நகலின் கடைசிப் பக்கத்தை எடுத்துக் கட்டத்தைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது, சின்ன வாக்கியத்திலிருந்து பெரிய வாக்கியத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும், முதல் வருஷம் தன்னம்பிக்கை, இரண்டாம் வருஷம் விளக்கம். எல்லாம் நல்ல தமிழில் சொன்னார். நான் துணிப்பையைத் திறந்து பழத்தை மேசைமேல் வைத்தேன்.

“பாருங்க, அம்மா நமக்கெல்லாம் காப்பி போட்டுத் தரப் போறாங்க” என்று தலைமை ஆசிரியர் சிரித்தார். “சக்கரை கம்மியாப் போடுங்க, எனக்குச் சுகர்.”

யாரும் சிரிக்கவில்லை. ‘ஒரு வாளித் தண்ணி’ என்று டீச்சரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். அவர் விடுவிடுவென்று போய்ச் சத்துணவுக் கூடத்திலிருந்து வாளியைத் தூக்கி வந்துவிட்டார். நான் பழத்தைக் கொட்டினேன். முக்கால்வாசி அடியில் போய்விட்டது. ஒரு ஏழெட்டுப் பழம் மேலே நின்று சுற்றியது.

அந்தப் பெண் குனிந்தார். ஒரு பழத்தை விரலால் அழுத்தினார். அது கீழே போய், விட்டதும் திரும்ப மேலே வந்தது. அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நிறமும் அளவும் ஒன்றுதான்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. இது மட்டும் ஏன் மிதக்குது?”

அவர் கேட்டு முடித்ததும் அறிவியல் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வருஷம் வர வேண்டிய கேள்வி, எழுதியவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு கை பழமும் போதுமாக இருந்தது அதற்கு.

“வெளிய உக்காந்திருக்கறவங்களைக் கேளுங்க” என்றேன்.

அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஏழு பேரும் வாளியைச் சுற்றிக்கொண்டார்கள். கேள்வியைக் கேட்டதுதான் தாமதம்.

“பூச்சி குடைஞ்சதுங்க மிஸ்!”

“இல்லீங்க மிஸ், எல்லாம் பூச்சி இல்ல. சிலதுல பருப்பே இருக்காது.”

“இங்க பாருங்க, அடியில ஓட்டை. ஊசி குத்துன மாதிரி.”

“நெகத்துல நசுக்கிப் பாருங்க மிஸ், உள்ள பொடி பொடியா இருக்கும்.”

என் மகள் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “உள்ள காத்து இருக்குதுங்க. பூச்சி தின்ன எடத்துல காத்து போயிருச்சு. அதான் கனம் இல்ல” என்றாள். திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் திண்டில் ஸ்பீக்கர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. திருப்பிச் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பெண் உள்ளே வந்து, “நான் இதை யோசிக்கலைங்க” என்றார். அது உண்மையான பேச்சு என்று எனக்குப் பட்டது. ஆனால் அடுத்த பேச்சு இப்படி வந்தது: “இந்த வருஷத்துத் திட்டத் தாள் அச்சுக்குப் போயாச்சு. அடுத்த வருஷத் திட்டத்துல கண்டிப்பா சேர்த்துடலாம்.”

“அப்புறம் என்னங்க, அவங்களே சொல்லிட்டாங்க” என்று தலைமை ஆசிரியர் மறுபடி பேனாவை நீட்டினார். “பழம் பழமா இருக்கட்டும். கையெழுத்து கையெழுத்தா இருக்கட்டும். போடுங்க.”

அடுத்த வருஷம். மறுபடியும் அடுத்த வருஷம். என் பிள்ளை ஆறாம் வகுப்பை மறுபடி ஒரு தடவை படிக்கப் போகிறாளா? பேனாவை வாங்கினேன். அவருக்கு முகம் மலர்ந்தது. நான் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகாமல், தீர்மானத்தின் கீழே எழுத ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அத்தனை நீளமாக நான் எழுதியதில்லை.

‘அறிவியல் பாடவேளையில் எந்தப் பிள்ளையையும் வெளியே உட்கார வைக்கக் கூடாது. பாடத்தை முதலில் தமிழில் சொல்லி, அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஏன் என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே வேண்டும். பதிலைப் பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொண்டால் திட்டத்துக்குச் சம்மதம்.’ அதற்குக் கீழே கையெழுத்து.

தலைமை ஆசிரியர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். “ஏனுங்க, என்ன காரியம் பண்ணிட்டீங்க! இது பக்க எண் போட்ட நோட்டு, கிழிக்கவும் முடியாது. மேல ‘ஒருமனதாக’ன்னு எழுதியிருக்குதுங்களே!”

“அப்ப அதை அடிச்சிருங்க” என்றேன்.

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வாளியைக்கூட எடுத்து வைக்காமல் வந்துவிட்டேன். பாதி வழியில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழு பேரும் உள்ளே போனார்கள். எழுதி வைத்தது நோட்டில் நின்றுவிட்டதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் என் எழுத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாராம். இரண்டு வாரத்தில் எங்கள் பள்ளிக்கு மட்டும் புதிய தாள்கள் வந்தன. கடைசிக் கட்டத்தில் ‘ஏன்’ முதல் ஆண்டுக்கு ஏறியிருந்தது. பாடப் பத்தியில் தமிழில் நாலு வரி சேர்ந்திருந்தது. ஆப்பிள் படம் ஆப்பிளாகவே தெரிந்தது. மகள் இப்போது வீட்டில், மிதக்கிறதற்கும் மூழ்குகிறதற்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தொட்டியடியில் நின்று எனக்குச் சொல்லித் தருகிறாள். நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

‘எங்கள் பள்ளிக்கு மட்டும்’ என்று எழுதினேன் அல்லவா? மற்றப் பள்ளிகளில் பழைய தாள்தான் ஓடுகிறது என்று டீச்சர் சொன்னார். அங்கேயும் வராந்தா இருக்கும், ஸ்பீக்கர் இருக்கும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள். அங்கே தலைவி யாரோ, கையைக் கழுவாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. முதலில் நானும் அப்படித்தானே போட்டேன்.

எங்கள் பள்ளியிலும் ஒன்று பாக்கி இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். “ஒயரை ரெண்டு பக்கமும் வெச்சாத்தான் பல்பு எரியுமாம். ஒரு பக்கம் மட்டும் வெச்சா ஏன்மா எரியாது?” எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடம் நடந்தபோது அவள் வராந்தாவில் இருந்தாள். பாடம் முடிந்துவிட்டது, பேட்டரியையும் ஒயரையும் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. உள்ளே விட்டவர்கள், வெளியே வைத்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க நினைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆயாம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

“ஒண்ணுமில்லீங்க அக்கா, ஆண்டு விழாவுக்குத் தேதி. போடுங்க, எனக்கு இன்னும் மூணு ஊடு போகோணும்.”

தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினேன். விரலிடுக்கு வரைக்கும் கழுவி, துடைத்து, நோட்டை வாங்கிக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து படித்தேன். ஆண்டு விழா, பந்தல், பரிசு, எல்லாம் படித்தேன். நான் தேடியது அதில் எங்கேயும் இல்லை.

“பேனா குடுங்க” என்றேன்.

“கையெழுத்துக்குத்தானுங்களே?” என்று கேட்டார் ஆயாம்மா, சந்தேகமாக.

“அதுக்குந்தான்.”

ஏழு பிள்ளைகளுக்கும் பல்புப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். ஆயாம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று பார்த்தார். பிறகு, ‘இது இப்ப முடியற காரியம் இல்ல’ என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.